எத்தனையில் பூஜ்யம்?

"விதி மீறியவை பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையில் பூஜ்யம்?"

வாடிக்கையாளர் நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த தணிக்கையாளர் இப்படிக் கேட்டபோது, மேசைமேல் எங்களுடைய 90 நாள் அறிக்கைகள் அச்செடுத்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தினமும் காலை 7 மணிக்கு நான் எழுதிய பைத்தான் நிரல் ஓடும். எங்கள் கிளவுட் கணக்குகள் அத்தனையையும் சுற்றிவரும். எந்த வட்டு குறியாக்கம் செய்யப்படாமல் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்படாமல்) இருக்கிறது, எந்த பக்கெட் (கோப்புகள் வைக்கும் கிடங்கு) வெளியாருக்குத் திறந்து கிடக்கிறது, எந்த சர்வரின் எஸ்எஸ்ஹெச் வாசல் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) ஊருக்கே திறந்திருக்கிறது என்று பார்த்து மின்னஞ்சல் அனுப்பும். வட்டுகளுக்கான வரியில் 90 நாளும் பூஜ்யம்தான். அந்த அம்மையாருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நிரல் எழுதுபவர் அல்லர். வங்கிக் கிளைகளில் பேரேடு பார்த்துப் பழகியவர். கட்டைப் புரட்டக்கூட இல்லை. முதல் தாளில் விரலை வைத்துக் கேட்டுவிட்டார்.

"மாலைக்குள் சொல்கிறேன், மேடம்" என்றேன். மாலையில் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலையில் சொன்ன விடையில், குறியாக்கம் இல்லாத 14 வட்டுகள் இருந்தன. அவற்றில் சில, கடன் வாங்கிய மனிதர்களின் விண்ணப்பங்கள் இருக்கும் தரவுத்தளத்தின் நகல்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரியான நிரலை இன்று பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நிரல் பிழையில்லாமல் ஓடியது. அது பயன்படுத்திய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் தந்துகொண்டிருந்தது. கேள்விதான் தவறு.

சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம், கடன் வழங்கும் நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. டிஜிட்டல் கடன் குறித்து ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வந்ததிலிருந்து, கடன் பெறுவோரின் தரவுகள் இந்தியாவில் உள்ள சர்வர்களில் மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே எங்கள் 11 ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குகளும் இரண்டு ரீஜன்களில், அதாவது தரவு மையங்கள் இருக்கும் இரண்டு வட்டாரங்களில், இயங்குகின்றன. 2016-இல் திறக்கப்பட்ட மும்பை முதன்மை. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட ஹைதராபாத், மும்பைக்கு ஏதாவது ஆனால் எழுந்து நிற்க வேண்டிய மாற்றிடம். 11 கணக்குகள், இரண்டு ரீஜன்கள் என்றால் 22 திரைகள். முன்பெல்லாம் காலாண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு திரையாகத் திறந்து, படம் பிடித்து, எக்செல் தாளில் ஒட்டுவோம். ஒரு வாரம் போய்விடும். ஒட்டி முடிக்கும்போது முதல் நாள் பிடித்த படம் பழசாகியிருக்கும்.

அந்த வேலையை நிரலிடம் கொடுக்கத்தான் போட்டோ3-ஐக் கையில் எடுத்தேன். ஏடபிள்யூஎஸ் சேவைகளைப் பைத்தானிலிருந்து அழைப்பதற்கான லைப்ரரி அது. தமிழில் எழுதினால் புகைப்படம் என்று படிக்கத் தோன்றும். உண்மையில் அமேசான் ஆற்றில் வாழும் ஒருவகை டால்ஃபினின் பெயர். அதன் வழியாக நான் பேசியது ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் சேவையோடு. கான்ஃபிக்கில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது பதிவி: கணக்கில் என்னென்ன வளங்கள் (வட்டு, பக்கெட், சர்வர் போன்றவை) இருக்கின்றன, எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதிக்கொண்டே இருக்கும். அடுத்தது விதிகள். "இணைக்கப்பட்டிருக்கும் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா" என்பது போன்ற ஆயத்த விதிகளை ஏடபிள்யூஎஸ்ஸே தருகிறது, நாமும் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது, ஒவ்வொரு விதிக்கும் ஒவ்வொரு வளத்துக்கும் கிடைக்கும் முடிவு. என் நிரல் மூன்றாவது அடுக்கை மட்டும் பார்த்தது. இரண்டாவது ஒழுங்காக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. முதலாவதை எட்டிப் பார்க்கவே இல்லை.

உண்மையில் அந்தத் தணிக்கைக்கு ஓராண்டு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "அக்கா, டேக் இல்லாத சர்வர்கள் நேற்றும் பத்து, இன்றும் பத்து, போன வாரமும் பத்து. யாரும் எதையும் சரிசெய்யவும் இல்லை, கெடுக்கவும் இல்லையா?" டேக் என்பது, யாருடையது என்பது போன்ற விவரத்தை வளத்தின்மேல் ஒட்டிவைக்கும் பெயர்ச்சீட்டு. பார்த்தால், விதிவாரியாக முடிவுகளைக் கேட்டு நிரல் கான்ஃபிக்குக்கு விடுக்கும் அழைப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்குப் பத்து முடிவுகளைத்தான் தரும். கேட்டால் 100 வரை தரும், அதற்குமேல் இல்லை. மிச்சம் இருந்தால் "அடுத்தது" என்று ஓர் அடையாளச் சொல்லைக் கூடவே கொடுக்கும். அதைத் திருப்பிக் கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. நான் கேட்கவில்லை. அன்றே, எல்லாப் பக்கங்களையும் தானாகக் கேட்டு வாங்கும், லைப்ரரியில் உள்ள பேஜினேட்டருக்கு மாற்றினேன். 10 என்றிருந்தது 63 ஆனது.

சுருக்க அழைப்புகளில் இன்னும் மோசமான ஒரு வரம்பு இருக்கிறது. எத்தனை விதிகள் மீறப்பட்டிருக்கின்றன என்ற தொகையை மட்டும் தரும் அழைப்பு, 25-க்கு மேல் எண்ணாது. வள வகைவாரியான தொகை 100-ஐத் தாண்டாது. வரம்பு மீறியது என்று பக்கத்திலேயே ஒரு கொடியை உயர்த்திக் காட்டும்; எண்ணை மட்டும் எடுத்து மேலதிகாரிக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர் கண்ணில் அந்தக் கொடி படாது. தொகை வேண்டுமா, முழுப் பட்டியலையும் வாங்கி நாமே எண்ணுவதுதான் நல்லது.

அந்த "பத்து" சிக்கலைச் சரிசெய்ததும் நிரல் இனி நம்பத்தக்கது என்று நினைத்துவிட்டேன். பக்கங்கள் விடுபடுவதை ஒரு தனிப் பிழையாகப் பார்த்தேன். குறைவாகக் கிடைத்ததை முழுமை என்று எடுத்துக்கொண்டதே அதன் வேர் என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

தணிக்கையாளர் கேட்ட அன்று மாலை, அலுவலகம் காலியான பிறகு, நானும் அந்தத் தம்பியும் உட்கார்ந்தோம். வட்டுகளின் எண்ணிக்கையைக் கான்ஃபிக்கிடம் கேட்காமல் சர்வர்களையும் அவற்றின் வட்டுகளையும் நிர்வகிக்கும் ஈசி2 சேவையிடமே நேரடியாகக் கேட்டோம். மும்பையில் 175, ஹைதராபாத்தில் 37. ஆக மொத்தம் 212. பிறகு, குறியாக்க விதி எத்தனை வட்டுகளைச் சோதித்திருக்கிறது என்று எண்ணினோம். ஹைதராபாத்தில் ஒன்றுகூட இல்லை.

நிரலைத் திறந்து வரிவரியாகப் போனோம். ஒவ்வொரு கணக்கிலும் நுழைய, எஸ்டிஎஸ் சேவையிடம் தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்குவது என் நிரலின் முறை. லைப்ரரியின் பழைய பதிப்புகள், மும்பையில் இருந்து கேட்டாலும் அந்தச் சீட்டை உலகப் பொது வாசலில்தான் வாங்கும். அந்த வாசலில் வாங்கிய சீட்டு, தொடக்கத்திலிருந்தே எல்லாக் கணக்குகளுக்கும் திறந்திருக்கும் பழைய ரீஜன்களில் மட்டும் செல்லும். ஹைதராபாத் அப்படியல்ல; கணக்கின் உரிமையாளர் விரும்பிச் செயல்படுத்த வேண்டிய புதிய ரீஜன். கணக்கின் அமைப்பைத் தனியாக மாற்றாதவரை அங்கே அந்தச் சீட்டு செல்லாது. அதனால் 90 நாளும், 11 கணக்குகளிலும், ஹைதராபாத் என் நிரலை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த மறுப்பு ஏன் என் கண்ணில் படவில்லை? நானே ஒரு நாள் எழுதிய நான்கு வரிகள்தான் காரணம். ஏதோ ஒரு கணக்கில் பிழை வந்து காலை அறிக்கையே நின்றுபோனபோது, "எந்தப் பிழை வந்தாலும் வெற்றுப் பட்டியலைத் திருப்பிக் கொடு" என்று எழுதியிருந்தேன். மறுப்பு வெற்றுப் பட்டியலானது. வெற்றுப் பட்டியலின் நீளம் பூஜ்யம். பூஜ்யம் பச்சை நிறத்தில் அச்சானது.

சீட்டை மும்பையின் வட்டார வாசலிலேயே வாங்கும்படி அமைப்பை மாற்றினோம். ஒரே ஒரு அமைப்பு வரிதான். ஹைதராபாத் திறந்தது. நிரலை மறுபடி ஓட்டினோம். மீண்டும் பூஜ்யம்.

அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்பாடா, உண்மையிலேயே பூஜ்யம்தான் போலிருக்கிறது அக்கா" என்றார் தம்பி. எனக்கும் அப்படியே நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை இன்னும் ஒத்துவரவில்லை. 37 வட்டுகள் இருக்க, சோதிக்கப்பட்டது ஒன்றுமில்லை.

விதியின் முடிவுகளை விவரமாகத் தரும் அழைப்பில் "மீறியவற்றை மட்டும் கொடு" என்று வடிகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அழைப்பில் இணக்கமானவை, மீறியவை, பொருந்தாதவை என்ற மூன்றுதான் உண்டு. நான்காவது நிலை, "போதிய தரவு இல்லை" என்பது, விதியின் ஒட்டுமொத்த நிலையைத் தரும் இன்னோர் அழைப்பில்தான் தெரியும். அதை அழைத்தோம். ஹைதராபாத்தின் குறியாக்க விதிக்கு எதிரே அந்தச் சொல்தான் இருந்தது: போதிய தரவு இல்லை. அந்த விதி பிறந்த நாளிலிருந்து ஒரு வட்டைக்கூடப் பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு விடை பதிவியில் இருந்தது. கான்ஃபிக் பதிவுசெய்யும் ஒவ்வோர் உருப்படிக்கும் கட்டணம் உண்டு. பல ரீஜன்களில் அது 0.003 டாலர். கேட்கச் சிறிதாக இருந்தாலும், நாள் முழுவதும் சர்வர்கள் தோன்றி மறையும் இடத்தில் மாதக் கடைசியில் கண்ணில் படும் தொகையாகிவிடும். ஹைதராபாத்தை அமைத்தபோது செலவைக் குறைக்க, சில வள வகைகளை மட்டும் பதிவுசெய்தால் போதும் என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். விட்டுவிட்ட வகைகளில் வட்டும் ஒன்று. விதியோ எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான வார்ப்பிலிருந்து தானாகவே போய் உட்கார்ந்துவிட்டது. எழுதுகிறவர் எழுதாத ஏட்டை, சரிபார்க்கிறவர் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இன்னும் ஒன்று. புதிய வட்டுகளைத் தானாகவே குறியாக்கம் செய்யும் வசதி, ஏடபிள்யூஎஸ்ஸின் வட்டுச் சேவையான ஈபிஎஸ்ஸில் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு ரீஜனுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டிய பொத்தான். மும்பையில் இயக்கியிருந்தோம், ஹைதராபாத்தில் இயக்கவில்லை. 14 வட்டுகள் இப்படித்தான் வந்தன. அவற்றில் மூன்றை, பதிவியைச் சரியாக அமைத்த பிறகும் விதி கண்டுபிடித்திருக்காது. அந்த ஆயத்த விதி, சர்வரோடு இணைக்கப்பட்ட வட்டுகளைத்தான் சோதிக்கும். பழைய சர்வர் போய், அதன் வட்டு மட்டும் தனியாகக் கிடந்தால் விதியின் கணக்கில் வராது. தரவு இருப்பதோ அந்த வட்டில்தான். விதியின் பெயரைப் படித்தால் எல்லா வட்டுகளையும் பார்ப்பதுபோல் தோன்றும். அதன் விளக்கத்தின் முதல் வாக்கியத்தில் "இணைக்கப்பட்ட" என்ற ஒரே சொல் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு விதிக்கும் அந்த விளக்கத்தை முழுதாகப் படித்து, அது எதைப் பார்க்காது என்று ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

ஏற்கெனவே இருக்கும் வட்டை அப்படியே குறியாக்கம் செய்ய வழியில்லை. அதன் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நகலை) எடுத்து, அதிலிருந்து குறியாக்கம் செய்யப்பட்ட புதிய வட்டை உருவாக்கி, பழையதை நீக்கிப் புதியதை மாட்ட வேண்டும். இரண்டு இரவுகள் ஆயின. பழைய வட்டை அழித்தவர்கள் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை மறந்துவிடக் கூடாது. அவையும் குறியாக்கம் இல்லாதவைதான்.

பிறகு நிரலைத் திரும்ப எழுதினேன். இப்போது ஒவ்வொரு விதிக்கும் மூன்று எண்களை எடுக்கிறது. அந்தச் சேவையிடமே நேரடியாகக் கேட்டுப் பெற்ற உண்மையான இருப்பு. கான்ஃபிக் பதிவி அறிந்துவைத்திருக்கும் எண்ணிக்கை. விதி உண்மையில் சோதித்த எண்ணிக்கை. மூன்றும் ஒத்துவராவிட்டால், மீறல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் வரி சிவப்புதான். "போதிய தரவு இல்லை" என்பதும் சிவப்பு. அனுமதி மறுக்கப்பட்ட கணக்கு "தெரியவில்லை" என்ற தனி வரியாக, பிழையின் பெயரோடு அச்சாகும். பதிவி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் முதலில் கேட்கிறது. இதை விட்டுவிடுபவர்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். பதிவியை யாராவது நிறுத்திவிட்டால், மாற்றம் நிகழும்போது இயங்கும் விதிகள் அதன்பின் இயங்கா. பழைய முடிவு மட்டும் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு இன்றைய முடிவுபோல் தெரியும்.

அதனால் முடிவின் வயதையும் பார்க்கிறோம். ஒவ்வொரு முடிவோடும் அது பதிவான நேரம் வருகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் இயங்கும் விதிகள், நாம் அமைத்தபடி 1, 3, 6, 12 அல்லது 24 மணிநேரத்துக்கு ஒரு முறை ஓடும். 24 மணிநேர விதியின் முடிவு மூன்று நாள் பழசாக இருந்தால் ஏதோ நின்றிருக்கிறது என்று பொருள். லைப்ரரி தரும் நேரம் நேர மண்டலத்தோடு வரும். பைத்தானில் வெறுமனே எடுக்கும் "இப்போது" என்பதோடு ஒப்பிட்டால் பிழை காட்டும். அந்தப் பிழையிலிருந்து தப்பிக்க மண்டலத்தை வெட்டியெறிபவர்கள், ஒரு பக்கம் இந்திய நேரமும் மறுபக்கம் உலகப் பொது நேரமுமாக ஒப்பிட நேர்ந்தால் ஐந்தரை மணிநேரம் தவறவிடுவார்கள். இரு பக்கமும் மண்டலத்தோடு வைத்துக்கொள்வதே சரி.

எல்லாக் கணக்குகளையும் ஒன்றாகத் திரட்டித் தரும் அக்ரிகேட்டர் வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். அதில் ஒரு பக்கம் காலியாக வந்து, அடுத்த பக்கத்தில் முடிவுகள் இருக்கலாம். காலிப் பக்கத்தைக் கண்டதும் சுற்றை நிறுத்தும் நிரல் அங்கே ஏமாந்துபோகும். "அடுத்தது" அடையாளம் தீரும்வரை போக வேண்டும்.

சோதனைகளும் மாறின. முன்பு என் சோதனைகள் எல்லாம் "மீறல் இருந்தால் கண்டுபிடிக்கிறதா" என்று மட்டுமே பார்த்தன. லைப்ரரியோடு வரும் ஸ்டப்பர் என்ற கருவியால், சேவை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நாமே எழுதிக்கொடுக்கலாம். இப்போது அனுமதி மறுப்பு, காலிப் பட்டியல், தரவில்லாத விதி, இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரே மீறல் என்று ஒவ்வொன்றையும் கொடுத்து, அறிக்கை பச்சையாகிவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இந்தச் சோதனைகளை முதலிலேயே எழுதியிருந்தால் 90 நாள் போயிருக்காது.

தணிக்கையாளர் இரண்டாம் நாள் எங்கள் விடையைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. கண்டறிந்ததையும் சரிசெய்யும் தேதியையும் எழுதிக்கொண்டார். பிறகு டேக் பட்டியலை எடுத்து, நடுவிலிருந்து ஒரு சர்வரைத் தொட்டுக் காட்டினார். "இதன் உரிமையாளர் என்று ஒரு பெயர் போட்டிருக்கிறது. அவரை அழைக்க முடியுமா? ஒரு கேள்வி கேட்க வேண்டும்." அந்தப் பெண் எங்கள் நிறுவனத்தைவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. டேக் விதி அந்த சர்வருக்குத் தினமும் "இணக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டேக் இருக்கிறதா என்பதையே அது பார்த்தது. அதில் எழுதப்பட்ட ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. அதிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால், உரிமையாளர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கிய நல்ல டேக்குகள் மீறலாகவும், போய்விட்டவரின் பெயர் தாங்கிய டேக் இணக்கமாகவும் பட்டியலில் இருந்தன. இப்போது வாரத்துக்கு ஒரு முறை, டேக்குகளில் உள்ள பெயர்களைப் பணியாளர் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு சிறு நிரல் ஓடுகிறது. போட்டோ3-இல் எழுதியதிலேயே மிகச் சிறியது, மிக அதிகமாகப் பயன்படுவது அதுதான்.

விலக்குகளையும் அப்போதுதான் ஒழுங்குபடுத்தினோம். ஒரு விதியை ஒரு வளத்துக்கு விலக்க வேண்டுமென்றால், காரணம், ஒப்புதல் தந்தவர், காலாவதித் தேதி மூன்றும் நிரலோடு இருக்கும் கோப்பில் எழுதப்பட வேண்டும். தேதி கடந்தால் விலக்கு தானாக விழுந்துவிடும். மீறலைத் தானே திருத்தும் வசதியை மட்டும் இன்னும் இயக்கவில்லை. சோதிக்கும் நிரலின்மீதே முழு நம்பிக்கை வராதபோது, அதன் பேச்சைக் கேட்டு அமைப்புகளை மாற்றும் கையை அவிழ்த்துவிட எனக்கு மனமில்லை.

இன்று காலை வந்த மின்னஞ்சலில் வட்டுகளுக்கான வரி இது: இருப்பவை 209, பதிவானவை 209, சோதிக்கப்பட்டவை 206, மீறியவை 0. விடுபட்ட மூன்றும் எந்த சர்வரோடும் இணைக்கப்படாதவை. அவற்றின் அடையாள எண்கள் மின்னஞ்சலில் கீழே இருக்கின்றன. மூன்றும் குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதை நேரடியாகக் கேட்டு உறுதிசெய்தோம். வரி சிவப்பு. இரண்டின் உரிமையாளர்கள் அழித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவருக்கு மதியம் அழைக்க வேண்டும்.